மீன் குழம்பும் முகச் சிவப்பும்: அலர்ஜி மாத்திரை குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்குமா?

கேள்வி: காலையில் தேக்கா சந்தையில் கானாங்கெளுத்தி வாங்கி, பையோடு இன்னும் சில கடை ஏறி இறங்கி, மதியம்தான் குழம்பு வைத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, வயிறு சுருட்டிப் பிடித்தது. செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டதும் அடங்கியது. அம்மா அதைத் தினமும் எடுக்கிறார். நெஞ்செரிச்சலுக்கு ஃபமோட்டிடினும் உண்டு. இவை குடலின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: வழக்கமான அளவில் அப்படி ஆவதில்லை. அம்மா பயப்பட வேண்டாம்.

அலர்ஜியின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் ரத்தக் குழாயை இரண்டு வழியில் விரிக்கிறது. குழாயின் உட்சுவரில் உள்ள எச்1 ஏற்பியை (ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடம்) தொட்டால் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாய் சட்டென விரியும், சீக்கிரமே அடங்கும். சுற்றியுள்ள தசையில் இருக்கும் எச்2 ஏற்பி மெதுவாகத் தொடங்கி, நீடித்து விரிக்கும். செட்டிரிசின் முன்னதை அடைக்கும், ஃபமோட்டிடின் பின்னதை. சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் கூடுவதில் ஹிஸ்டமினுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் நரம்பு, குடல் ஹார்மோன்கள், செரிமானத்தின்போது திசுவில் சேரும் பொருள்கள் என்று பலவும் சேர்ந்தே குழாயைத் திறக்கின்றன. ஒன்றை அடைத்தாலும் மற்றவை பார்த்துக்கொள்ளும். அம்மாவுக்குக் கவனிக்க வேண்டியது சிறுநீரகம்தான்: இரண்டு மருந்தும் பெரும்பாலும் அதன் வழியே வெளியேறுவதால், அது பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

இப்போது உங்கள் குழம்பு. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். நம் ஊர்ச் சூட்டில் பை கிடக்கும்போது பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மணத்திலும் தெரியாமல் போகலாம், சிலருக்கு நாக்கில் மிளகு போல் சுள்ளென்று படும். கொஞ்சமென்றால் குடல் சுவரின் நொதியே உடைத்துவிடும், மிஞ்சினால் ரத்தத்தில் கலக்கும். முகம் சிவந்தது எச்1 குழாயை விரித்ததால். அதே எச்1 குடல் தசையை இறுக்கும். வயிறு சுருட்டியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், ரத்தக் குறைவு அல்ல.

ஆக, இது மீன் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் மருத்துவரிடம் சொல்லி உறுதி செய்யுங்கள், அவசரப்பட்டு மீனை விட்டுவிட வேண்டாம். மீனைக் கடைசியாக வாங்குங்கள், ஐஸ் கேட்டு வாங்கிப் பையில் போடுங்கள், வீடு வந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மூச்சுத் திணறல், தொண்டை வீக்கம், மயக்கம் வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் 995-ஐ அழையுங்கள். அப்புறம், வயதானவர்களுக்குச் சாப்பிடும்போதெல்லாம் வயிறு வலித்து எடையும் இறங்கினால், அதுதான் குடலுக்கு ரத்தம் போதாததன் அறிகுறியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.