பேச்சை நிறுத்திக்கொண்ட கிளையன்ட்: பழைய கதையை எப்போது தொடுவது?

கிருஷ்ணகிரியில் மனநல தெரபிஸ்டாக இருக்கும் வாசகி கேட்கிறார்: ஓசூர் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு வாரம் லீவு போட்டு வந்ததிலிருந்து 20 நிமிடம் தாமதமாக வருகிறார், "நீங்களே சொல்லுங்க மேடம்" என்று உட்கார்ந்துவிடுகிறார். சிறுவயதில் பெற்றோர் இவரைப் பாட்டியிடம் விட்டுவிட்டு பெங்களூரு கட்டட வேலைக்குப் போனவர்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிடலாமா?

இப்போது வேண்டாம். முதலில் பஸ்ஸையும் ஷிஃப்டையும் விசாரியுங்கள், எல்லாத் தாமதத்துக்கும் ஆழ்மனதில் காரணம் தேடுவது நம் துறையின் வியாதி. நேரத்தை மாற்றிக் கொடுத்தும் தாமதம் தொடர்ந்தால் லீவைப் பற்றிப் பேசுங்கள். ஆனால் "என் மேல கோபமா?" என்று கேட்டால் "ஐயோ, அதெல்லாம் இல்லைங்க மேடம்" என்றுதான் வரும், நம் ஊரில் மேடத்திடம் கோபம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "நான் ஒரு வாரம் வராததுக்கு அப்புறம் இங்க பேசறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கோன்னு தோணுது."

சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவர் மறுத்தாலும் பரவாயில்லை, அடுத்து யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். "எங்க சூப்பர்வைசர் சொல்லாம லீவுல போயிட்டாரு, எல்லாம் என் தலையில" என்று ஆரம்பித்தால் அது உங்களுக்கான பதிலாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் உளவியல் சிகிச்சையாளர் டேவிட் மாலன் சொல்லும் முக்கோணத்தில் தெரபிஸ்ட், இன்றைய மனிதர்கள், பழைய மனிதர்கள் என்று மூன்று முனை உண்டு. புதியவர்கள் நேராக மூன்றாவதற்குத் தாவுவார்கள், கிளையன்ட்டும் தலையாட்டுவார், ஆனால் அது காதோடு போய்விடும். முதல் இரண்டும் அவருக்கே உறைத்தபின் பாட்டி வீட்டுப் பேச்சு பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே வரும்.

இன்னொன்று, "நீங்களே சொல்லுங்க" என்றதும் உங்களுக்கு அறிவுரை சொல்லக் கை துறுதுறுக்கிறதா, எரிச்சல் வருகிறதா? தெரபிஸ்டின் உணர்வும் ஒரு கருவி என்று உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் 1950இலேயே எழுதினார். லீவு போட்ட குற்ற உணர்ச்சியில் 20 நிமிடத்தை ஈடுகட்டி செஷனை நீட்டாதீர்கள்; இவ்வளவு நல்லவரிடம் எப்படிக் கோபப்படுவது என்று அவர் கோபத்தை விழுங்கிவிடுவார். அடுத்த லீவைச் சில வாரங்கள் முன்பே சொல்லி, அதையும் பேசவிடுங்கள். இதையெல்லாம் சூப்பர்விஷனுக்கு, அதாவது உங்கள் வேலையை அலசிப் பார்க்கும் மூத்த தெரபிஸ்டிடம், எடுத்துப் போங்கள்.

மௌனத்துக்கு நடுவே சாவைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் முக்கோணத்தை ஓரம் வையுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள், மனநல மருத்துவரிடம் அன்றே அனுப்புங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் கையில் கொடுங்கள்.