சுத்திகரிப்பு நிலைய வேலைக்கு மகளை அனுப்பலாமா?

பேரணாம்பட்டு டேனரியிலிருந்து, அதாவது தோல் பதனிடும் ஆலையிலிருந்து, எழுதிய ஐயாவுக்கு வணக்கம். "டேனரி நாற்றத்திலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவரத்தான் 20 வருஷம் தோல் பதனிடும் டிரம் பக்கத்தில் நின்றேன். அவள் சுற்றுச்சூழல் இன்ஜினியரிங் படித்துக் கழிவுநீர் நிலையத்துக்கே போகிறேன் என்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் உங்கள் மகள் சரியான கேள்வியின் பக்கம்தான் போகிறாள் என்று நினைக்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கு மறைந்துபோவதில்லை. தண்ணீரிலிருந்து சேற்றுக்கு, உப்புக்கு, காற்றுக்கு இடம் மாறுகிறது. மாறியது எங்கே போகிறது, எதற்குப் பயன்படும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் படிப்பின் உயிர்.

தோலைப் பதனிடப் போடும் குரோமியம் உப்பை, அதாவது குரோமைப் பாருங்கள். டிரம்மில் போடுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் பச்சைச் சேறாக அடியில் தங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிடவே பயன்படும். மற்றக் கழிவுநீரோடு கலக்க விட்டுவிட்டாலோ, குரோமியம் கலந்த அந்தச் சேறு அபாயகரமான கழிவு, வயலுக்கு உரமாகவும் போடமுடியாது. வீட்டுக் கழிவுநீரின் கதை வேறு. அதில் சேரும் சேற்றிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்கள். சென்னை கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. (சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) வரை சுத்தம் செய்து ஆலைகளுக்குத் தரும் நிலையங்கள் இருக்கின்றன.

நம் பக்கத்தில் தீராத தலைவலி உப்புதான். பச்சைத் தோல் உப்பு தடவித்தான் வருகிறது. தண்ணீரில் கரையும் அந்த உப்பை, சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்னும் பாக்டீரியா தின்னாது. ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்தாலும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க எரிபொருளும் மின்சாரமும் ஏகமாகச் செலவாகும். கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பை வாங்க எளிதில் ஆள் கிடைப்பதில்லை. இப்படி விடை கிடைக்காத இடத்தில்தான் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. பாலாற்றுப் படுகை டேனரிகள் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது. இன்று எந்தத் தோல் ஆலையும் சுத்திகரிப்பைத் தள்ளிப்போட முடியாது.

படிப்புக்கு வருவோம். சுற்றுச்சூழல் இன்ஜினியரிங்கில் நேராகச் சேரலாம். சிவில் அல்லது கெமிக்கல் முடித்து எம்.இ.யில் சுற்றுச்சூழல் எடுப்பது என் முதல் விருப்பம், வேலைக்கான கதவுகள் கூடுதல். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பமும் இருக்கிறது, அதையும் ஒதுக்காதீர்கள். எதை எடுத்தாலும் வேதியியல் பலமாக இருக்க வேண்டும்.

நாற்றத்தைவிட உங்கள் பயம் பாதுகாப்பைப் பற்றியது என்று தோன்றுகிறது. அது நியாயம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொட்டிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அதனால் வாயுமானி வைத்து அளக்காமல் யாரையும் தொட்டிக்குள் இறங்க விடக்கூடாது. உங்கள் மகள் இன்ஜினியரானால் "இறங்காதே" என்று தடுத்து நிறுத்தும் பொறுப்பு அவளுடையது. கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது, இந்தப் பயிற்சியை நேரில் தருகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. பரீட்சை முடிந்ததும், அனுமதி வாங்கி, அவளை உங்கள் டேனரிக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். சுத்திகரிப்பு நிலையத்தை மத்தியானம் காட்டிக்கொள்ளலாம். முதலில், தோலை ஊறவைப்பதற்கு முன் உப்பை உதறுகிற இடத்தைக் காட்டுங்கள். அங்கே உதறி எடுக்கும் ஒவ்வொரு கிலோவும் தண்ணீருக்குள் போகாமல் தப்புகிறது. அதை அவளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்.