நாடு கடத்தித் தண்டித்த கடவுளை யூதர்கள் அன்பானவர் என்றது எப்படி?

தீர்ப்பும் அன்பும் முரண்தானே என்கிறீர்கள். யூத இறைவாக்கினர் எரேமியா வாங்கிய நிலத்தைப் பாருங்கள். கி.மு. 587 வாக்கில் பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. 'நகரம் விழும், இது கடவுளின் தீர்ப்பு' என்று சொன்னதற்காக அவர் காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பா மகனிடமிருந்து ஆனதோத் ஊர் நிலத்தை 17 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளிக்கு வாங்குகிறார்! கணக்குப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். வெள்ளியைத் தராசில் நிறுத்து, சாட்சி வைத்து, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த நகலையும் நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் போடச் சொல்கிறார். இந்த மண்ணில் மறுபடி வீடும் வயலும் விலைபோகும் என்பதுதான் செய்தி. தீர்ப்பை ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை. ஆனால் பாபிலோன் அடிமைத்தனத்துக்கு 70 ஆண்டு என்று கெடு வைத்த கடவுள், அன்புக்குக் கெடுவே வைக்கவில்லை. பிறகு பாரசீக அரசன் கோரேசு அனுமதிக்க, நாடு கடத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். பைபிளின் எஸ்றா நூலில் உள்ள பட்டியலில் ஆனதோத்தார் மட்டும் 128 பேர்.