ரூம் பூட்டிக் கிடக்கிறது, வாடகை மட்டும் முழுசாகவா?

கேள்வி: இரண்டு பெட்ரூம் உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்வீட்டுக் குழாய் கசிந்து ஒரு பெட்ரூமின் சீலிங் பெயர்ந்து விழுந்துவிட்டது. ஓனர் உடனே ஆள் அனுப்பினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நாளில் முடியும் என்று சொன்ன வேலை ஆறாவது வாரமாக நடக்கிறது. கட்டிலும் பீரோவும் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் கிடக்க, நான்கு பேரும் ஒரே அறையில் படுக்கிறோம். வாடகையைக் குறைக்கச் சொன்னால், "ரிப்பேர் என் செலவில்தானே நடக்கிறது, இதற்கு மேல் என்ன?" என்கிறார். இது நியாயமா? இந்த மாத வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். ஆறு வாரம் இப்படி இருந்தால் யாருக்கும் கோபம் வரும், ஆனால் நீங்களாகவே வாடகையை நிறுத்தினால் சீலிங் விழுந்த கதை பின்னால் போய், வாடகை பாக்கி என்பது முன்னால் வந்து நிற்கும். வீட்டைக் காலி செய்யச் சொல்ல பல நாடுகளில் அந்த ஒரு காரணமே போதும்.

சரி, ஓனர் சொல்வது நியாயமா? இல்லை. அவர் இரண்டு கணக்கை ஒன்றாகக் குழப்புகிறார். ரிப்பேர் செலவு அவருடைய சொத்தைக் காப்பாற்ற அவர் செய்வது. வாடகை என்பது அறைகளை நீங்கள் பயன்படுத்துவதற்குக் கொடுப்பது. ஒரு அறையைப் பயன்படுத்த முடியவில்லை என்றால் அந்த அளவுக்கு வாடகை குறைய வேண்டும், அவ்வளவுதான். அவர் தப்பு செய்தாரா, சோம்பேறித்தனமாக இருந்தாரா என்பதெல்லாம் இதில் வரவே வராது. குறைப்பு ஒரு தண்டனை இல்லை என்பதை நீங்களே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், பாதிச் சண்டை அதிலேயே தணியும்.

சட்டம் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஜப்பானில் வீட்டின் ஒரு பகுதி பயன்படாமல் போனால், அது குடியிருப்பவரின் தவறால் நேராதவரை, அந்த அளவுக்கு வாடகை தானாகவே குறைந்துவிடும். முன்பு "குறைக்கக் கேட்கலாம்" என்று இருந்ததை 2020 ஏப்ரலில் இப்படி மாற்றினார்கள். பிரான்ஸில் அவசர ரிப்பேர் 21 நாளைத் தாண்டினால், எத்தனை நாள், வீட்டின் எந்தப் பகுதி என்று பார்த்து வாடகையைக் குறைக்க வேண்டும், குடும்பம் தங்கவே முடியாத நிலை வந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளவும் முடியும். ஜெர்மனியிலும் குறைப்பு உண்டு, ஆனால் பழுதை உடனே தெரிவிக்காமல் இருந்தவர் அந்த உரிமையை இழக்கக்கூடும். இந்தியாவின் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரைத் தகவல் கொடுத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு அந்தச் செலவை வட்டியோடு வாடகையில் கழிக்க அனுமதிக்கிறது. ஆனால் கவனியுங்கள், அது செய்யாமல் விட்ட ரிப்பேரைப் பற்றிய பிரிவு. உங்கள் தொல்லை முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற ரிப்பேர். அதனால் வாடகைக் குறைப்புக்கு ஓனரிடம் எழுத்தில் வாங்கும் சம்மதத்துக்கு இங்கேதான் மதிப்பு அதிகம்.

எவ்வளவு கேட்பது? சதுர அடியை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரே ஒரு பாத்ரூம் இருக்கிற வீட்டில் அது பூட்டிக் கிடந்தால், அளவில் சின்ன இடம்தான், ஆனால் வீட்டில் வாழவே முடியாது. ஆளில்லாத கூடுதல் அறை என்றால் இழப்பு குறைவு. உங்கள் வீட்டில் நான்கு பேருக்கு இரண்டு படுக்கையறைதான், அதில் ஒன்று போய்விட்டது, கூடவே தூசியும் இடிக்கிற சத்தமும். உதாரணத்துக்கு அந்த அறையின் மதிப்பு வாடகையில் 25 சதவீதம் என்று இருவரும் ஒத்துக்கொண்டால், 30 நாள் மாதத்தில் 18 நாள் பூட்டியிருந்ததற்கு 15 சதவீதம் குறையும், மாதம் முழுக்க என்றால் 25. இப்படி நாள் கணக்கோடு கேட்டால் ஓனரால் சும்மா தட்டிக்கழிக்க முடியாது.

சீலிங் விழுந்த தேதி, ஆள் வந்த நாட்கள், யாருமே வராத நாட்கள் (இது ரொம்ப முக்கியம், ஆறு வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் வேலை நடந்தது என்று எழுதிப் பார்த்தால் நீங்களே அதிர்ந்துபோவீர்கள்), தேதியோடு போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். வேலை எந்தத் தேதியில் முடியும், அதுவரை எவ்வளவு குறைப்பு என்ற இரண்டையும் கேட்டு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். அவர் மறுத்தால் வாடகையை முழுசாகவே கட்டி, "குறைப்புக் கோரிக்கையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, உங்கள் ஊர் வாடகை அதிகாரியிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திடமோ போங்கள்.

கேள்வி: வேலை முடியும்வரை ஒரு மாதம் வேறு எங்காவது இருங்கள் என்கிறார் எங்கள் ஓனர். போனால் திரும்ப விடுவாரா என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவதில் தப்பே இல்லை. திரும்பி வரும் தேதி, அந்த மாதத்துக்கு வாடகை கிடையாது என்பது, வெளியே தங்கும் செலவு யாருடையது, உள்ளே விட்டுப்போகும் சாமான்களுக்கு யார் பொறுப்பு, இவ்வளவும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு கிளம்புங்கள். சாவியை மொத்தமாக ஒப்படைக்காதீர்கள், வீட்டையே விட்டுக்கொடுத்ததாக அதற்கு அர்த்தம் சொல்லிவிடலாம். வேலையாட்களுக்கு ஒரு சாவியைக் கொடுத்து, அது வேலைக்காக மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, இன்னொன்றைக் கையிலேயே வைத்திருங்கள்.