பித்தப்பைக் கல்லோடு மலேசியா, சிங்கப்பூர் டூர் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, ஊர் திருச்சி. நாலு மாதம் முன்பு ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டு வந்த இரவு, வலது விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலி. ஸ்கேனில் பித்தப்பையில் நிறைய சிறு கற்கள் என்றார்கள். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். அதன்பின் வலி வரவில்லை. அடுத்த மாதம் எட்டு நாள் மலேசியா, சிங்கப்பூர் டூருக்கு மகன் பணம் கட்டிவிட்டான். திரும்பி வந்ததும் ஆபரேஷன் என்று பேசி வைத்திருக்கிறோம். 'டூரில் மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடுதான், பயமே வேண்டாம்' என்கிறான் மகன். எனக்கோ, எட்டு நாளும் பழமும் ரொட்டியும் மட்டும் சாப்பிட்டு ஓட்டிவிடலாமா என்று தோன்றுகிறது. அசைவமும் சாப்பிடுவேன். உங்கள் யோசனை என்ன?

பதில்: உங்கள் மகன் எதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறாரோ, எனக்கு அதில்தான் பயம். டூர் கம்பெனிகள் கூட்டிப்போகும் இந்திய ஓட்டல் பஃபேயை நினைத்துப் பாருங்கள். வெண்ணெய் மிதக்கும் பட்டர் சிக்கன், க்ரீம் ஊற்றிய பன்னீர், நெய் தடவிய நான், எண்ணெய் மின்னும் ஃபிரைட் ரைஸ், கடைசியில் குலாப் ஜாமூன். வீட்டில் நீங்கள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் கொழுப்பு அங்கே ஒரே தட்டில் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்துத் தெருச் சீனக் கடையில் ஒரு கிண்ணம் மீன் சூப்பும் கொஞ்சம் வெள்ளைச் சோறும் சாப்பிட்டால் உங்கள் பித்தப்பைக்கு அதில் கால்வாசி வேலைகூட இருக்காது.

சாப்பாட்டுக்கு வருமுன் ஒரு விஷயம். வலி ஒரே ஒரு முறைதான் வந்தது, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வரவில்லை, பித்தக்குழாயில் கல் இல்லை, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் சரியாக இருக்கின்றன. இவ்வளவும் உண்மையென்றால், உங்கள் சர்ஜனும் சம்மதித்தால், போய் வரலாம். இவற்றில் ஒன்று இடித்தாலும் டூரைத் தள்ளிப்போடுங்கள். என்னைக் கேட்டால், ஆபரேஷனை முதலில் முடித்துக்கொண்டு போவதுதான் நிம்மதி. லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்தால் சிக்கல் இல்லாதவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வழக்கமான நடமாட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, சர்ஜனிடம் தேதி கேட்டுப் பாருங்கள். 'கல் சின்னதுதானே' என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். பெரிய கல் பெரும்பாலும் பைக்குள்ளேயே கிடக்கும். சின்னக் கல்தான் நழுவிப் பித்தக்குழாயில் போய் அடைத்து, காமாலையையோ கணைய அழற்சியையோ கிளப்பிவிடும்.

இப்போது உங்கள் பழம், ரொட்டித் திட்டம். வேண்டாம். கொழுப்பு சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதன் உத்தரவில் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளுகிறது. ஒரே வேளையில் நிறையக் கொழுப்பு போனால் பை இறுகச் சுருங்கும், கல் பையின் வாயில் போய்ச் சிக்கும், வலி வரும். அதற்காகக் கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் பை சுருங்காமல் பித்தம் தேங்கிக் கெட்டிப்படுகிறது. பட்டினி கிடந்தாலும், சட்டென்று எடை குறைந்தாலும் இதே கதைதான். ஆக வேளைக்குப் பத்து கிராம் கொழுப்பு, நாள் முழுக்க முப்பதிலிருந்து நாற்பதுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடத் தெரியவேண்டியது கொஞ்சம்தான்: ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் ஐந்து கிராம், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் பதினொன்று, முட்டை மஞ்சள் கரு ஒன்று ஐந்து, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி கிட்டத்தட்ட இருபது.

அந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள். மலேசியச் சமையலில் தேங்காய்ப்பால் இல்லாத இடம் குறைவு. காலையில் வாழையிலையில் மடித்துத் தரும் நாசி லெமாக்கின் சோறே தேங்காய்ப்பாலில் வெந்தது. மேலே வறுத்த வேர்க்கடலை, பொரித்த நெத்திலி, எண்ணெயில் வதக்கிய சம்பல். கறி லக்சா என்ற நூடுல்ஸ், ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி, செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பு எல்லாவற்றிலும் அதே பால். மலாய் மொழியில் தேங்காய்ப்பாலுக்கு 'சந்தான்' என்று பெயர். 'தன்பா சந்தான்' என்றால் தேங்காய்ப்பால் இல்லாமல், 'குராங் மின்யாக்' என்றால் எண்ணெய் குறைத்து. இந்த இரண்டையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சீனக் கடைகளில்கூட வேலை செய்யும்.

மாமாக் கடைக்குப் போனால் இதுவும் தேவைப்படாது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள் அவை. பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம், நள்ளிரவிலும் திறந்திருக்கும். எண்ணெய் விடாமல் தோசை ஒன்று, சப்பாத்தியும் பருப்பும், இல்லாவிட்டால் தந்தூரிக் கோழியில் தோலை உரித்துவிட்டு இரண்டு துண்டு. ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பி, அதைத் தொடவேண்டாம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் நல்லவைதான். சோறு, ரசம், மோர், பொரியல் போதும். கொசுறாக வரும் அப்பளத்தையும் பொரித்த பாகற்காயையும் மகன் இலைக்குத் தள்ளிவிடுங்கள்.

சிங்கப்பூர் உங்களுக்கு இன்னும் வசதி. ஹாக்கர் சென்டரில் ஒரே கூரைக்கு அடியில் பல கடைகள் இருப்பதால் குடும்பத்தார் எதையும் சாப்பிடட்டும், நீங்கள் உங்களுக்கு ஏற்றதை வாங்கிக்கொள்ளலாம். மீன் துண்டு சூப் கேளுங்கள். சில கடைகளில் அதில் பால் ஊற்றுவார்கள், பால் இல்லாமல், மீனைப் பொரிக்காமல் என்று சொல்லிவிடுங்கள். யோங் தாவ் ஃபூ என்ற கடையில் காய், டோஃபு, மீன் உருண்டை எல்லாம் தட்டில் நீங்களே பொறுக்கிக் கொடுத்தால் சூப்பில் கொதிக்கவைத்துத் தருவார்கள். பொரித்தவற்றை எடுக்காவிட்டால் சரி. சிக்கன் ரைஸ் பார்க்க வெள்ளை வெளேரென்று பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அந்தச் சோற்றைக் கோழிக் கொழுப்பில் வதக்கித்தான் வேகவைக்கிறார்கள். அதற்குப் பதில் வெறும் வெள்ளைச் சோறும் தோலில்லாத வேகவைத்த கோழியும் கேளுங்கள். காயா டோஸ்ட்டில் நடுவே வைக்கும் வெண்ணெய் வில்லை கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்குத் தடிமனாக இருக்கும். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த காயாவை மட்டும் லேசாகத் தடவி ஒரு துண்டு சாப்பிடலாம், வெண்ணெய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

டீ குடிக்காமல் நம்மால் இருக்க முடியாது. வெறும் 'தே' என்றால் கெட்டிப்பால் ஊற்றி வரும். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லை. சிங்கப்பூரில் பானங்களுக்கு சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்து ஏ முதல் டி வரை நியூட்ரி கிரேடு என்ற தரம் கொடுக்கிறார்கள். 2022 கடைசியிலிருந்து பாக்கெட் பானங்களுக்கும், 2023 கடைசியிலிருந்து கடையில் கலந்து தருபவற்றுக்கும் இது உண்டு. ஏ, பி பார்த்து வாங்குங்கள். சின்னக் கடைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பழத்தில் பப்பாளி, கொய்யா, அன்னாசி, ரம்புத்தான் எவ்வளவு வேண்டுமானாலும். டுரியானில் மட்டும் 100 கிராமுக்கு ஐந்து கிராம் அளவில் கொழுப்பு இருக்கிறது, ஒரு சுளையோடு நிறுத்திக்கொள்ளலாம். (அந்த வாசனையோடு ஓட்டல் அறைக்குள் விடமாட்டார்கள் என்பதால் அதுவே நின்றுவிடும்.)

என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். டூர் நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள்: காலை ஏழு மணிக்கு ஓட்டலில் டிஃபன், பஸ் தாமதமாகி மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவு நிகழ்ச்சி முடிந்து பத்தரை மணிக்குப் பசியோடு பஃபே, பதினொன்றரைக்குப் படுக்கை. பித்தப்பை வலி நடு இரவில் எழுப்புவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. கைப்பையில் பொட்டுக்கடலை, வாழைப்பழம், ரஸ்க் வைத்துக்கொண்டு மாலை ஆறரைக்கு ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். அப்புறம் பத்தரை மணி பஃபேயில் சோறு, தால், வெள்ளரிக்காயோடு எழுந்துவிடலாம். பத்துமலையின் 272 படிகளில் ஏறுவதால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, சாப்பாட்டுக்கு முன் ஏறுங்கள்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் மூட்டையையும் ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள். முறுக்கு, சீடை, எண்ணெய் நிற்கும் தக்காளித் தொக்கு, நல்லெண்ணெய் புளியோதரை. பாதி ஆபத்து அங்கேதான். பொரி, வறுத்த அவல், பருப்புப்பொடி எடுத்துப்போங்கள். விமானத்தில் சாப்பாடு தருகிற டிக்கெட் என்றால் குறைந்த கொழுப்பு உணவுக்கு 'எல்எஃப்எம்எல்' என்று ஒரு குறியீடு இருக்கிறது. புறப்படுவதற்கு ஒரு நாளாவது முன்பு மகனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வழக்கமாக நாம் கேட்கும் 'இந்து உணவு', 'ஆசிய சைவ உணவு' இரண்டிலும் கொழுப்பு மிகுந்த குருமா வர வாய்ப்பு உண்டு.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் கல் இருப்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் ஆஸ்பத்திரி பில்லை அவர்கள் தரமாட்டார்கள். முன்பே உள்ள நோய் என்று சொன்னாலும் பல பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டுமே தரும். எதற்குத் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மருந்தும் அதிலேயே, பெட்டியில் வேண்டாம்.

அங்கே வலி வந்தால், 'கேஸ்' என்று சோடாவும் ஓமத்தண்ணீரும் குடித்துக்கொண்டு காலைவரை காத்திருக்காதீர்கள். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போடுங்கள், சாப்பாட்டை நிறுத்துங்கள். சில மணி நேரத்தில் வலி முழுக்க அடங்கினால் அடுத்த நாள் கஞ்சி, இட்லியோடு இருந்து சர்ஜனுக்குப் போன் செய்யுங்கள். ஐந்து மணி நேரம் தாண்டியும் வலி விடவில்லை, குளிர் காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் டீ நிறம், நிற்காத வாந்தி, வலி முதுகுக்கு ஊடுருவுகிறது - இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வியர்த்துக் கொட்டி, நெஞ்சு இறுகி, மூச்சு வாங்கினால் அது பித்தப்பையாக இல்லாமல் இதயமாகவும் இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. எண்களை மகனும் நீங்களும் இருவருமே போனில் போட்டு வையுங்கள்.

எட்டு நாளும் வலி இல்லாமல் திரும்பினால், 'கல் கரைந்துவிட்டது போலிருக்கிறது, ஆபரேஷன் எதற்கு' என்று வீட்டில் ஒரு குரல் எழும். கல் அங்கேயேதான் இருக்கிறது. புறப்படும் முன்பே ஆபரேஷன் தேதியை உறுதி செய்து, முன்பணம் கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.