கூழ்மத் துகள்களைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள், வங்கித் தேர்வுப் பயிற்சியை மறுத்துவிட்டுக் கூழ்மத் துகள்களைப் பற்றி (திரவம் போன்றவற்றில் கரையாமல் பரவி நிற்கும் மிக நுண்ணிய துகள்கள் அவை) மேற்கொண்டு படிக்க விரும்புவதாகவும், அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவருக்குத் தெரியாததில் வியப்பில்லை. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘கூழ்மம்’ என்ற சொல் அநேகமாக வருவதே இல்லை. பெயிண்ட், பசை, அழகுசாதனம், மருந்து, ரப்பர் பால் போன்ற தொழில்களில் இந்தப் படிப்புக்குரிய வேலை ‘ஃபார்முலேஷன் கெமிஸ்ட்’ (கலவைகளை வடிவமைக்கும் வேதியியலர்) என்ற பெயரிலேயே கேட்கப்படுகிறது. சிலிக்கான் சில்லுத் தகடுகளை மெருகேற்றும் குழம்பில் இருப்பதும் கூழ்மச் சிலிக்காவே.

இது நேற்று முளைத்த துறையும் அன்று. கூழ்மத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘கொலாய்டு’ என்ற பெயரை வேதியியலர் தாமஸ் கிரகாம் 1861-இல் சூட்டினார். அதற்கு முன்பே, 1857-இல், மைக்கேல் ஃபாரடே தங்கத்தின் நுண்துகள்களால் சிவந்த திரவத்தை விவரித்திருந்தார். மருந்துக்கடையில் விற்கும் கருத்தரிப்புச் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடும் அதே தங்கத் துகள்களால் வருவதுதான்.

தங்கள் மகளை ஈர்த்தது இத்துறையின் இன்னொரு பக்கமாக இருக்கலாம். எத்தனால், நீர், அம்மோனியா கலந்த கரைசலில் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் என்ற சிலிக்கான் சேர்மத்தை ஊற்றிக் கலக்கினால், சில நிமிடங்கள் தெளிவாக இருந்த திரவம் மெல்ல நீலம் கலந்து மங்கி, பின் பால்போல் வெளுக்கும். 1968-இல் ஸ்டோபரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இம்முறையில், ஏறத்தாழ ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் உருவாகின்றன. அவற்றைச் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றிப் பிரிக்கும் கருவியில் பலமுறை கழுவி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு ஆடாமல் உலரவிட்டால், எவரும் அடுக்காமலேயே அவை வரிசை வரிசையாக அமர்ந்துகொள்ளும். உருண்டைகள் 250 நானோமீட்டர் அளவில் இருந்தால், சாயம் ஏதுமின்றித் தகடு பச்சையாக மின்னும். தகட்டைச் சாய்த்தால் நிறம் மாறும். ஓபல் கல்லின் வண்ணஜாலத்துக்கும் உருண்டைகளின் இந்த வரிசையமைப்பே காரணம். உருண்டைகளின் அளவு சீராக இல்லாவிட்டாலோ வெறும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். தொடக்கத்தில் பெரும்பாலும் வெள்ளைப் பொடிதான் வரும்.

இனி படிப்பைப் பற்றி. ‘நானோ’ என்று தொடங்கும் பட்டங்களை நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய முதுகலைப் படிப்பை முடித்து என்னிடம் வந்த மாணவர் ஒருவர், இரண்டு ஆண்டுகளில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை ஒருமுறைகூடத் தாமாக இயக்கியதில்லை. மாதிரியைக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கி வந்ததோடு சரி. ஆகவே எம்.எஸ்சி. வேதியியலே படிக்கட்டும். எந்தக் கல்லூரியாயினும், துகளளவைக் காணும் டி.எல்.எஸ். கருவி அங்கே இருக்கிறதா, அதை மாணவர்கள் கையாள முடியுமா என்று நேரில் சென்று கேளுங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாகச் செப்டம்பரில் விண்ணப்பம் தொடங்கிப் பிப்ரவரியில் தேர்வு நடைபெறும்.

துகள்கள் இப்படித் தாமாகவே வரிசையில் அமரும் தன்னமைவையே ஆராய விரும்பினால் முனைவர் பட்டம் வரை செல்ல வேண்டியிருக்கும். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இதற்கென்றே குழுக்கள் உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி தனி. ஆயினும் ஐந்து ஆண்டுகள் ஆகலாம் என்பதையும், தொழிற்சாலை வேலைக்கு எம்.எஸ்சி. பட்டமும் ஆய்வகப் பழக்கமுமே தொடக்கத்துக்குப் போதும் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்குமுன் ஒன்று செய்யலாம். இறுதியாண்டுச் செயல்திட்டமாக, மேலே சொன்ன சிலிக்கா உருண்டைகளையே பேராசிரியரின் மேற்பார்வையில், கல்லூரி ஆய்வகத்தின் புகைபோக்கிப் பெட்டிக்குள் தங்கள் மகள் செய்து பார்க்கட்டும். முதல் துளி வெள்ளையாகவே உலர்ந்த மறுநாள், அம்மோனியாவின் அளவை மாற்றி மறுபடி செய்யப் போகிறேன் என்கிறாரா, அல்லது வேறு தலைப்பு தேடுகிறாரா என்பதை எனக்கு எழுதுங்கள்.