ஷீட் ஃபிலிம்: இருட்டில் எழும் சந்தேகங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் கேமராவைப் பற்றியவை குறைவு. இருட்டில் கை செய்யும் வேலையைப் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி. லார்ஜ் ஃபார்மட்டில், அதாவது தனித்தனித் தாளாக வரும் பெரிய ஃபிலிமில், ஒரு படம் கெட்டால் அதற்கு லென்ஸ் காரணமாக இருப்பது அபூர்வம்.

கேள்வி: இப்போதுதான் தொடங்குகிறேன். 4×5 அங்குலம் போதுமா, நேராக 8×10-க்கே போய்விடலாமா?

4×5 வாங்குங்கள். அதுவே 35 மி.மீ. ஃபிலிமைப்போல ஏறக்குறைய 13 மடங்கு பரப்பு. 8×10 அதற்கும் நான்கு மடங்கு, ஒவ்வொரு தவறுக்கும் அத்தனை ஃபிலிம் போகும். நெகட்டிவைப் பேப்பர்மேல் வைத்து நேரடியாகக் காண்டாக்ட் பிரிண்ட் எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் பிறகு 8×10 பற்றிப் பேசலாம். அந்தப் பிரிண்டுக்கு இணை கிடையாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: இருட்டில் ஹோல்டருக்குள் (பக்கத்துக்கு ஒரு தாளாக ஃபிலிமைத் தாங்கும் சட்டம்) ஃபிலிம் போடும்போது எந்தப் பக்கம் எமல்ஷன் (ஒளி பதியும் பூச்சு) என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரியாக உட்கார்ந்துவிட்டதா என்றும் தெரியவில்லை.

தாளின் ஒரு மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். தாளை நெட்டுவாக்கில் பிடித்து, அந்த வெட்டுகள் மேலே வலது மூலையில் வரும்படி திருப்புங்கள். இப்போது எமல்ஷன் உங்கள் முகத்தைப் பார்க்கிறது. வெட்டின் வடிவம் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். இரண்டு வகை ஃபிலிம் கலந்துபோனாலும் விரலால் தடவிப் பிரித்துவிடலாம்.

ஹோல்டரின் இரு ஓரத்திலும் மேலும் கீழுமாக இரண்டு தடங்கள் உண்டு. கீழ்த் தடம் ஃபிலிமுக்கு, மேல் தடம் ஃபிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் டார்க் ஸ்லைடு என்ற தகட்டுக்கு. ஃபிலிமைத் தள்ளி முடித்ததும் இரண்டு ஓரத்தையும் நகத்தால் லேசாகக் கிளப்பிப் பாருங்கள். கிளம்பவில்லை என்றால் சரியான தடத்தில் இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் கிளம்பினால் வெளியே எடுத்து மறுபடி போடுங்கள், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

ஒரு தாளைப் பயிற்சிக்கென்றே தியாகம் செய்யுங்கள். முதலில் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு, பிறகு அதே வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கடைசியாக இருட்டில். இருபது தடவை போட்டு எடுத்தால் விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். டார்க் ஸ்லைடின் கைப்பிடியில் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் இன்னும் எடுக்காத ஃபிலிம், கறுப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்து முடித்தது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம், நீங்களாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: முதல் ஹோல்டரில் ஒரு தாள் முழுக்கக் கறுப்பு, இன்னொன்று கண்ணாடிபோல வெறுமை. டெவலப்பர் கெட்டுப்போயிருக்குமா?

டெவலப்பர் பாவம், அதை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே ஹோல்டரில் இருந்தவை என்பதுதான் முக்கியமான துப்பு. லென்ஸைப் பார்க்கும் பக்கத்து டார்க் ஸ்லைடை உருவுவதற்குப் பதில், உங்களைப் பார்க்கும் பக்கத்தை உருவியிருக்கிறீர்கள். பின்பக்கத் தாள் பகல் வெளிச்சத்தில் கருகிவிட்டது, முன்பக்கத் தாளுக்கு ஒளியே போய்ச் சேரவில்லை.

கறுப்பு மட்டும் தனியாக வந்தால், ஃபோகஸ் பார்க்கத் திறந்த ஷட்டரை மூடாமலே ஸ்லைடை உருவியிருக்கலாம். வெறுமை மட்டும் தனியாக வந்தால் ஷட்டர் திறக்கவில்லை, அல்லது இருட்டில் டிரே மாறி ஃபிலிம் டெவலப்பருக்கு முன்பே ஃபிக்ஸருக்குள் (டெவலப் ஆன படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) போய்விட்டது. நான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறேன்: ஷட்டரை மூடு, துளையையும் நேரத்தையும் வை, ஷட்டரை முடுக்கு, ஹோல்டரைச் செருகு, முன்ஸ்லைடை உருவு, அமுக்கு, கறுப்புப் பக்கம் வெளியே வரும்படி ஸ்லைடைத் திருப்பிப் போடு. பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லத் தயங்குவதில்லை.

கேள்வி: 150 மி.மீ. லென்ஸில் ஒரு பூவை அதன் அசல் அளவிலேயே எடுத்தேன். மீட்டர் 5 வினாடி என்றது, 5 வினாடிதான் கொடுத்தேன். நெகட்டிவில் ஒன்றுமே இல்லை. ஃபிலிம் எச்பி5 பிளஸ்.

இரண்டு கணக்கு விட்டுப்போயிருக்கிறது.

ஒன்று, பெல்லோஸ், அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் துருத்தி. அசல் அளவில் எடுக்க பெல்லோஸை 300 மி.மீ. வரை நீட்டியிருப்பீர்கள். நீட்டிய தூரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, வரும் எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். 300-ஐ 150-ஆல் வகுத்தால் 2. இரண்டு இரண்டு நான்கு. ஆக 5 வினாடி இங்கேயே 20 வினாடி ஆகிவிட்டது. லென்ஸ் பொருத்திய போர்டிலிருந்து, ஃபோகஸ் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸ் வரை அளக்க ஒரு தையல் டேப் போதும், பையிலேயே கிடக்கட்டும். 210 மி.மீ. நீட்டினால்கூட ஏறக்குறைய ஒரு முழு ஸ்டாப் போய்விடும், அதாவது ஒளி பாதியாகிவிடும்.

இரண்டு, நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோர்ந்துபோவது. ஒரு வினாடியைத் தாண்டினால் ஃபிலிம் ஒளிக்குச் சரிவிகிதத்தில் பதில் சொல்லாது. எச்பி5 பிளஸுக்கு அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட் தரும் அடுக்கு எண் 1.31. நேரத்தை அந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 10 வினாடி ஏறக்குறைய 20 ஆகும், 30 வினாடி 86 ஆகும். உங்களுடைய 20 வினாடி ஏறக்குறைய 50 ஆகும்.

வரிசை முக்கியம்: முதலில் பெல்லோஸ் கணக்கு, அதன் விடைமேல் இரண்டாவது கணக்கு. மாற்றிப் போட்டால் மறுபடியும் குறைவாகத்தான் வரும். 50 வினாடி வேண்டிய இடத்தில் 5 கொடுத்திருக்கிறீர்கள், மூன்று ஸ்டாப்புக்கும் மேல் குறைவு.

கேள்வி: காலடியில் இருக்கும் கல்லும் தொலைவில் இருக்கும் மலையும் ஒன்றாகக் கூர்மையாக வர வேண்டும். லென்ஸின் துளையை எஃப் 64 வரை மூடியும் திருப்தி இல்லை.

அவ்வளவு மூட வேண்டாம், சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மழுங்கிவிடும். 4×5-க்கு எஃப் 22 முதல் 32 வரை நல்ல இடம். லென்ஸ் இருக்கும் முன்சட்டத்தை முன்னோக்கிச் சாயுங்கள். சில டிகிரி போதும். ஃபிலிமின் தளமும் லென்ஸின் தளமும் எந்தக் கோட்டில் சந்திக்கின்றனவோ, கூர்மையின் தளமும் அதே கோட்டில் வந்து சேரும். தியோடர் ஷைம்ஃப்ளுக் என்ற ஆஸ்திரியர் 1904-இல் காப்புரிமை பெற்ற வேலையால் இந்த விதி அவர் பெயரில் வழங்குகிறது. நடைமுறையில் மலைக்கு ஃபோகஸ் வையுங்கள், கல் கூர்மையாகும்வரை சாயுங்கள், மலையை மறுபடி சரிபாருங்கள். மூன்று சுற்றில் அடங்கிவிடும். நடுவே உயரமான மரம் இருந்தால் கவனம். கூர்மையின் தளம் தரையோடு படுத்துவிட்டதால் மரத்தின் உச்சி அதற்கு வெளியே போய்விடும். எஃப் 32 தேவைப்படுவது அங்கேதான்.

கேள்வி: டிரேயில் டெவலப் செய்கிறேன். ஒவ்வொரு நெகட்டிவிலும் கீறல். டேங்க் வாங்கிவிடலாமா?

வாங்கலாம், தவறே இல்லை. ஆனால் டிரேயில் கீறல் விழாமல் செய்ய முடியும்; எனக்கு இன்றும் பிடித்த முறை அதுதான்.

கீறல் பெரும்பாலும் அடுத்த தாளின் மூலையால் வருகிறது. நனைந்த எமல்ஷன் ஊறிய அப்பளம்போல மெதுவானது, கூரான மூலை பட்டால் போதும். டிரே தாளைவிடச் சற்றே பெரியதாக, அடிப்பகுதி வரிவரியாக இல்லாமல் மழமழவென்று இருக்கட்டும். முதல் டிரேயில் வெறும் தண்ணீர். அதில் ஒவ்வொரு தாளாக இறக்குங்கள், ஒன்று முழுக்க நனைந்த பிறகுதான் அடுத்தது. உலர்ந்த இரண்டு தாள் தண்ணீரில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பதற்குள் இரண்டும் போய்விடும். முதலில் போகும் தாளை மட்டும் வெட்டுகள் எதிர்ப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். ஒரு சுற்று முடிந்ததை விரலே சொல்லிவிடும்.

டெவலப்பரில் எமல்ஷனைக் கீழ்நோக்கி வைப்பது என் வழக்கம். மேல்நோக்கி வைத்து நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அடியில் இருக்கும் தாளை நீளவாக்கில் உருவி, தூக்கி, மட்டமாக மேலே வையுங்கள். விரலின் சதையால் மெல்ல அமுக்குங்கள், நகம் படக்கூடாது. நான்கு தாள் என்றால் 30 வினாடிக்கு ஒரு முழுச் சுற்று. அவசரம் வேண்டாம். முதல் மாதம் ஒரு நேரத்தில் ஒரே தாள், பிறகு இரண்டு, பிறகு நான்கு. கையுறை கட்டாயம்: பல டெவலப்பர்களில் இருக்கும் மெட்டால் என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தோல் ஒவ்வாமை தரும், பிறகு போகாது.

டெவலப்பரின் அளவிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். நான்கு 4×5 தாளின் பரப்பு, 36 படம் எடுக்கும் ஒரு 35 மி.மீ. சுருளுக்குச் சமம்.

கேள்வி: சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளலாமா?

எச்பி5, எஃப்பி4 போன்ற, எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் எதற்கும் கூடாது. சிவப்பை உணராத ஆர்த்தோ ஃபிலிமுக்கு ஆழ்ந்த சிவப்பு சரி.

கேள்வி: குழாய்த் தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. 20 டிகிரி கட்டாயமா?

இல்லை. 20 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 24-இல் ஏறக்குறைய 7 நிமிடம். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால்தான் வானம் திட்டுத்திட்டாக வரும் ஆபத்து, அப்போது கரைசலை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரே வெப்பத்தில் இருப்பதுதான் 20 என்ற எண்ணைவிட முக்கியம்.

கேள்வி: ஃபிக்ஸரில் எவ்வளவு நேரம்?

வீணான ஃபிலிம் துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போடுங்கள். பால்நிறம் முழுக்கப் போக ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு வையுங்கள். புது ஃபிக்ஸரில் ஆனதைவிட இரட்டிப்பு நேரம் பிடித்தால் அது தீர்ந்துவிட்டது. பழைய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், செடிக்கும் மண்ணுக்கும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: பிரிண்டில் வானத்தில் கறுப்புப் புள்ளிகள்.

கறுப்பா, வெள்ளையா என்று பார்த்தது நல்லது. வெள்ளைப் புள்ளி என்றால் பிரிண்ட் எடுக்கும்போது நெகட்டிவ்மேல் இருந்த தூசி. கறுப்பு என்றால் படம் எடுக்கும்போதே ஃபிலிம்மேல் இருந்தது: தூசி ஒளியை மறைத்தது, நெகட்டிவில் அந்த இடம் தெளிவாக நின்றது, பிரிண்டில் கறுத்தது. ஹோல்டரைத் திறந்து தட்டி, பிரஷால் துடைத்து, பிறகு ஃபிலிம் போடுங்கள். பெல்லோஸின் உட்புறத்தையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே காட்சியை ஹோல்டரின் இரண்டு பக்கத்திலும் எடுக்கச் சொல்கிறீர்கள். வீண் செலவு இல்லையா?

தாள் ஃபிலிமின் பெரிய வரமே அதில்தான் இருக்கிறது. சுருளில் 36 படத்துக்கும் ஒரே டெவலப் நேரம். இங்கே ஒவ்வொரு தாளும் தனி. ஆன்சல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சர் என்ற புகைப்படக்காரர்கள் வகுத்த ஸோன் சிஸ்டம் (காட்சிக்கு ஏற்ப எக்ஸ்போஷரையும் டெவலப் நேரத்தையும் தீர்மானிக்கும் முறை) நின்றதே இந்தச் சுதந்திரத்தின்மேல்தான். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டு எடுங்கள். முதல் தாளை மட்டும் வழக்கமான நேரத்துக்கு டெவலப் செய்து, காய்ந்ததும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நிழலில் விவரம் இருந்து, மேகம் மட்டும் அடர்ந்து அடைத்துக்கொண்டிருந்தால் இரண்டாவது தாளுக்கு நேரத்தை 20 சதவீதம் குறையுங்கள். படம் சப்பென்று இருந்தால் கூட்டுங்கள். நிழலே வெறுமையாக இருந்தால் டெவலப்பரால் அதை மீட்க முடியாது. அந்த இரண்டாவது தாளைப் பெட்டியில் வைத்துவிட்டு அதே இடத்துக்கு மறுபடி போங்கள், இந்த முறை ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள்.